நெஞ்சில் சுருக்கென்று குத்துகிறதா? அறிகுறியை வைத்துக் காரணம் தேடும் வழி

"சிஸ்டர், இங்க சுருக்குன்னு குத்துது" என்று மார்பைப் பிடித்துக்கொண்டு யாராவது வராத இரவுப் பணி எனக்கு நினைவில் இல்லை. தாலுகா மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். அப்படி வருபவர்களில் பலருக்கு ஈசிஜியும் ரத்தப் பரிசோதனையும் சரியாகவே இருக்கும். வலி கிளம்பிய இடம் விலா, நுரையீரல் உறை, உணவுக்குழாய் என்று வேறெங்கோ இருப்பது பிறகுதான் தெரியவரும்.

இதில் இரண்டு தவறுகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். மாரடைப்பை வாயு என்று நினைத்து, சோடாவும் ஓமத் தண்ணீரும் குடித்துவிட்டு விடியும்வரை காத்திருந்தவர்கள் ஒரு பக்கம். விலாக் குருத்தெலும்பில் வந்த வீக்கத்தை மாரடைப்பு என்று பயந்து மாதக்கணக்கில் தூக்கத்தைத் தொலைத்தவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேருக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதல் பகுதியை எல்லோரும் படியுங்கள். அதைத் தாண்டிய பிறகு உங்கள் வலியோடு ஒத்துப்போகும் தலைப்புக்குப் போகலாம். ஒவ்வொன்றிலும் எளிய காரணம் முதலில், ஆபத்தும் செலவும் கூடியது கடைசியில்.

## எதற்கும் முன்னால்: இதயம் இல்லை என்பது உறுதியா?

கீழே இருப்பதில் ஒன்று இருந்தாலும் படிப்பதை நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள். வண்டியை நீங்களே ஓட்டிக்கொண்டு வராதீர்கள்.

- குத்தல் போய், அழுத்துவது, பிசைவது, பாறாங்கல்லை ஏற்றி வைத்தது போல இருப்பது
- தோள், இடது கை, தாடை, தொண்டை, முதுகு, மேல்வயிறு என்று வலி பரவுவது
- வியர்த்துக் கொட்டுவது, குமட்டல், மயக்கம் வருவது
- நடந்தால், மாடி ஏறினால் வந்து, நின்றால் குறைவது
- தொடங்கிய நொடியிலேயே உச்சத்தில், முதுகுப் பக்கம் கிழிவது போல இருப்பது. இது பெருந்தமனி கிழியும்போது வரும் வலியாக இருக்கலாம்
- மூச்சு வாங்கி ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியாமை, உதடு நீலமாவது, இருமலில் ரத்தம்
- கால் மணி நேரமாகியும் வலி விடாமல் இருப்பது

40 வயதைத் தாண்டியவர், சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப் பழக்கம் உள்ளவர், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு கண்டவர் என்றால், வலி எப்படி இருந்தாலும் முதலில் ஈசிஜி. சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் பெண்களுக்கும் மாரடைப்பு பெரிய வலியே இல்லாமல், வெறும் அசதியாகவோ வயிற்று உப்புசமாகவோகூட வரும். கீழே உள்ள தலைப்புகள் அவர்களுக்கு ஈசிஜிக்குப் பிறகுதான்.

ஈசிஜியை அரசு மருத்துவமனையில் காசில்லாமல் எடுக்கலாம். 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தின்படி, மாரடைப்பு என்று சந்தேகித்தால் முதலில் கொடுக்க வேண்டிய மாத்திரைகளை ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே வைத்திருக்கிறார்கள். பெரிய ஆஸ்பத்திரி தூரமாக இருக்கிறதே என்று வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம்.

மூன்று "சோதனை"களை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். ஜெலுசில் குடித்ததும் வலி குறைந்தால் அது வாயுதான் என்று அர்த்தமாகாது. மாரடைப்பு வலியும் இடையில் தணிந்து திரும்ப வரும். பக்கத்து வீட்டுக்காரரின் சார்பிட்ரேட்டை (இதய வலிக்கான மாத்திரை) நாக்கடியில் வைத்ததும் குறைந்தால் அது இதயம் என்றும் ஆகாது. உணவுக்குழாய் இறுக்கத்தையும் அதே மாத்திரை தளர்த்தும். ரத்த அழுத்தம் குறைந்திருப்பவரை அது கீழே சாய்த்துவிடவும் கூடும். மூன்றாவது, "ஈசிஜி நார்மல்" என்ற ஒரே ஒரு தாள். முதல் ஈசிஜி சரியாக இருந்து, அரை மணி நேரம் கழித்து எடுத்ததில் மாறியவர்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வலி தொடர்ந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள், இதயத் தசை பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். வலி வந்த உடனே எடுத்த ட்ரோபோனினில் தெரியாமல் போகலாம் என்பதால், சில மணி நேரம் கழித்து இரண்டாவது முறையும் எடுப்பார்கள். பொறுமையாக இருங்கள்.

இதெல்லாம் தாண்டியாயிற்றா? இப்போது வலிக்கிற இடத்தைக் கையால் காட்டுங்கள். உள்ளங்கையையோ மூடிய முஷ்டியையோ நடு நெஞ்சில் வைப்பவர்களைப் பார்த்தால் நான் ஈசிஜி கருவியை நோக்கி நடக்கத் தொடங்கிவிடுவேன். ஒற்றை விரலால் "இந்த இடம்தான்" என்று தொட்டுக் காட்டுபவர்களுக்குப் பெரும்பாலும் மார்புச் சுவரில்தான் கோளாறு. விதிவிலக்கு உண்டு, ஆனாலும் தேடத் தொடங்க நல்ல இடம் இது.

## ஒரு இடத்தை அழுத்தினால் அதே வலி வருகிறது

தசைப் பிடிப்பு. முந்தைய இரண்டு நாளில் என்ன செய்தீர்கள் என்று யோசியுங்கள். சிலிண்டரை நகர்த்தியது, தண்ணீர்க் கேனைத் தூக்கிக் கவிழ்த்தது, புதிதாக ஜிம்மில் சேர்ந்தது, ஒரு வாரமாக விடாத இருமல். கையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பாருங்கள், இடுப்பை இருபுறமும் திருப்பிப் பாருங்கள். அப்போது வலி கூடினால் பெரும்பாலும் தசைதான். வெந்நீர் ஒத்தடம், தேவைப்பட்டால் பாராசிட்டமால். ஒரு வாரத்தில் விட்டுவிடும்.

குருத்தெலும்பு அழற்சி. அதிகம் பேரைப் பயமுறுத்துவது இதுதான். விலா எலும்புகள் நடு மார்பெலும்போடு சேரும் இடத்தில் குருத்தெலும்பு இருக்கிறது. அந்த இணைப்பில் அழற்சி வந்தால் இருமும்போதும் தும்மும்போதும் புரண்டு படுக்கும்போதும் ஊசி ஏற்றுவது போலக் குத்தும். இடது பக்கம் வந்துவிட்டால் யாராலும் பயப்படாமல் இருக்க முடியாது. மார்பெலும்பின் ஓரமாக மேலிருந்து கீழே ஒவ்வொரு விலாவாக ஒற்றை விரல் நுனியால் அழுத்திக்கொண்டே வாருங்கள். இரண்டாவது விலாவிலிருந்து ஐந்தாவது வரைக்குள் ஏதோ ஒரு புள்ளியில் "ஆங், இதேதான்" என்று துள்ளுவீர்கள். அழுத்தினால் யாருக்கும் கொஞ்சம் வலிக்கும். நீங்கள் பயந்த அதே வலி வர வேண்டும், அதுதான் அடையாளம். அந்த இடம் பார்வைக்கே புடைத்திருந்தால் அது டீட்ஸ் நோய்க்குறி, இதன் நெருங்கிய உறவு.

சூடான ஒத்தடம், சில வாரம் பாரம் தூக்காமல் இருப்பது, மருத்துவர் சொன்னால் சாப்பாட்டுக்குப் பின் ஐபுப்ரோஃபென். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், காய்ச்சல் இருந்து அது டெங்குவோ என்ற சந்தேகம் உள்ளவர்களும் ஐபுப்ரோஃபென் பக்கம் போகவே கூடாது. இது முழுதாக ஆற வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். வலி திரும்ப வந்ததும் "போன தடவை டாக்டர் தப்பாச் சொல்லிட்டாரோ" என்று நாலு இடத்தில் ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை.

விலா விரிசல். வண்டியிலிருந்து விழுந்தது, கட்டில் விளிம்பில் மோதியது. எலும்பு மெலிந்த பாட்டிகளுக்குப் பலத்த இருமலே போதும். சோதிக்க ஒரு வழி: ஒரு கையை மார்பெலும்பின் மேலும் மறு கையை முதுகிலும் வைத்து மெதுவாகச் சேர்த்து அழுத்துங்கள். கை படாத பக்கவாட்டில் ஓரிடம் சுரீரென்றால் விரிசலைச் சந்தேகிக்கலாம். எக்ஸ்ரேயில் சின்ன விரிசல் தெரியாமலும் போகும். இறுக்கிக் கட்டுப் போடாதீர்கள். மூச்சு ஆழமாகப் போகாமல் சளி தேங்கி நிமோனியாவில் கொண்டுபோய் விடும். தலையணையை அந்த இடத்தில் அணைத்துக்கொண்டு இருமுங்கள்.

விழுந்த பிறகு வந்த வலிக்குச் சுளுக்கு எடுக்கப் போகாதீர்கள். எண்ணெய் போட்டு நன்றாக நீவிவிட்டபின் மூச்சுத் திணறலோடு வந்த ஒரு பெரியவருக்கு, உடைந்த விலா நுரையீரலைக் குத்தியிருந்தது.

மருத்துவரைப் பார்க்க வேண்டிய கட்டம்: இரண்டு வாரமாகியும் குறையாதது, வீக்கமோ காய்ச்சலோ சேர்வது, முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர், விழுந்த முதியவர். அழுத்தினால் வலிக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்து இதயத்தை விலக்கிவிட முடியாது என்பதையும் மறக்க வேண்டாம். மாரடைப்பு வந்தவருக்கும் விலா வலி இருக்கலாம்.

## மூச்சை இழுத்தால் குத்துகிறது

நம் ஊரில் இதற்கு ஒரே பெயர், மூச்சுப் பிடிப்பு. அந்த ஒரு பெயருக்குள் நாலு வெவ்வேறு சங்கதிகள் இருக்கின்றன. நான் அதிகம் கவலைப்படும் தலைப்பும் இதுதான்.

### சில நொடிகள் குத்திவிட்டுத் தானே போய்விடுகிறது

பள்ளிப் பிள்ளைகள், கல்லூரிப் பிள்ளைகள். சும்மா உட்கார்ந்திருக்கும்போது, பெரும்பாலும் கூன் போட்டு உட்கார்ந்திருக்கும்போது, இடது மார்பில் ஒரு விரல் நுனி அளவு இடத்தில் கத்தி சொருகியது போல வரும். மூச்சு இழுக்கவே பயந்து பிள்ளை அப்படியே உறைந்து நிற்கும். அரை நிமிடம், அதிகம் போனால் மூன்று நிமிடம். வந்த சுவடு தெரியாமல் போய்விடும். 1955இல் மில்லர், டெக்சிடோர் என்ற இரு மருத்துவர்கள் இதை விவரித்து எழுதினார்கள். மருந்து வேண்டாம், சோதனை வேண்டாம். நிமிர்ந்து உட்காரச் சொல்லுங்கள். தைரியமாக ஒரு முறை ஆழமாக மூச்சிழுத்தால் சிலருக்கு "டப்"பென்று விட்டுப்போகும். வளர வளரக் குறையும்.

ஓடும்போது வருகிறது, கூடவே மயக்கமோ படபடப்போ இருக்கிறது, குடும்பத்தில் இளம் வயதில் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்கள் என்றால் அது வேறு கதை. இதய மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

### காய்ச்சல், இருமலோடு வருகிறது

நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி. வைரஸ் காய்ச்சலிலும் வரும், நிமோனியாவிலும் வரும், காசநோயிலும் வரும். வலிக்கிற பக்கமாகவே ஒருக்களித்துப் படுத்தால் சுகமாக இருக்கிறதா பாருங்கள். அந்தப் பக்கம் அசைவு குறைவதால் குத்தல் தணியும்.

இதில் ஏமாந்துபோகும் இடம் ஒன்று உண்டு. குத்தல் மூன்று நாளில் தானாகக் குறையும், வீட்டில் நிம்மதியாகிவிடுவார்கள். ஆனால் உறையின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே நீர் சேர்ந்து, அவை உரசாமல் போனதாலும் வலி குறையும். வலி குறைய, மூச்சு வாங்குவது கூடினால் அது குணமல்ல. அன்றே எக்ஸ்ரே எடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடை குறைவு என்றால் சளிப் பரிசோதனையையும் கேட்டு வாங்குங்கள். அரசு மருத்துவமனையில் பரிசோதனையும் காசநோய் மருந்தும் இலவசம்.

### ஒரு பக்கம் குத்தி, மூச்சு வாங்குகிறது

ஒல்லியாக, நெடுநெடுவென்று வளர்ந்த இளைஞர். பல நேரம் சிகரெட் பழக்கமும் இருக்கும். எதுவும் தூக்கவில்லை, விழவில்லை, ஒரு நொடியில் ஒரு பக்க மார்பில் குத்தல், பிறகு மூச்சு போதாத உணர்வு. நுரையீரலில் ஒரு சின்னக் கொப்புளம் வெடித்து, காற்று உறைக்குள் புகுந்து நுரையீரலைச் சுருக்கிவிடுகிறது. ஆஸ்துமாக்காரர்களுக்கும், முன்பு காசநோய் கண்டவர்களுக்கும் வரலாம்.

வீட்டில் பார்க்கக்கூடியது ஒன்றுதான்: சட்டையைக் கழற்றி எதிரே நிற்கச் சொல்லுங்கள். மூச்சிழுக்கும்போது இரண்டு பக்கமும் ஒன்றுபோல உயர்கிறதா? ஒரு பக்கம் பின்தங்கினால் உடனே மருத்துவமனை. இரண்டும் சமமாகத் தெரிந்தாலும் மூச்சு வாங்கினால் வர வேண்டும். ஒரு எக்ஸ்ரேயில் தெரிந்துவிடும். காற்று கொஞ்சமாக இருந்தால் ஆக்ஸிஜன் கொடுத்துக் கண்காணிப்பார்கள், அதிகமென்றால் விலா இடுக்கில் குழாய் வைப்பார்கள். மருத்துவர் அனுமதிக்கும்வரை விமானப் பயணம் கூடாது.

### கால் வீங்கியிருக்கிறது, அல்லது சமீபத்தில் பிரசவமோ அறுவைச் சிகிச்சையோ நடந்தது

காலில் உறைந்த ரத்தக்கட்டி மேலேறி நுரையீரல் ரத்தக்குழாயை அடைப்பது. பிள்ளை பெற்ற முதல் ஆறு வாரங்கள், எலும்பு முறிந்து மாவுக்கட்டில் இருந்தவர்கள், பெரிய அறுவைச் சிகிச்சை முடிந்தவர்கள், பல மணி நேரம் காலைத் தொங்கவிட்டுப் பயணம் செய்தவர்கள், கருத்தடை மாத்திரை சாப்பிடுபவர்கள், புற்றுநோயாளிகள் இந்த வரிசையில் வருவார்கள்.

டேப் எடுத்து இரண்டு கெண்டைக்காலையும் ஒரே உயரத்தில் அளந்து பாருங்கள். ஒன்று மற்றதைவிட 3 சென்டிமீட்டருக்கு மேல் பெருத்திருந்தால் 108. வீங்கிய காலை நீவிவிடவே கூடாது, கட்டி பெயர்ந்து மேலே போகும். கால் வீங்காமலும் இது வரும். ஆகவே பிரசவமான பெண் "மூச்சு விட்டா குத்துது, மூச்சு வாங்குது" என்றால் பச்சை உடம்பு, குளிர் காற்று பட்டிருக்கும் என்று பிரசவ மருந்து அரைத்துக் கொடுத்து நேரத்தைப் போக்காதீர்கள். மருத்துவமனைக்கு வந்ததும் முதல் வாக்கியமாக "குழந்தை பிறந்து 12 நாள் ஆகுது" என்று நாளைச் சொல்லுங்கள். அந்த எண்ணைக் கேட்டதும் நாங்கள் தேடும் திசையே மாறிவிடும். மருந்து ஏற்றி எடுக்கும் சிடி ஸ்கேன், காலில் ரத்த ஓட்டம் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன். இந்தக் கட்டுரையில் அதிகச் செலவு பிடிக்கும் சோதனை இது. மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்பினால் தயங்காமல் போங்கள்.

## சாப்பிட்டால், படுத்தால், விழுங்கினால் வலிக்கிறது

நெஞ்சு கரிப்பு. ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா, பத்தரைக்குப் படுக்கை. நடு நெஞ்சில் எரிச்சல், புளித்த ஏப்பம், சில சமயம் குத்தல். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்துங்கள், இடது பக்கம் ஒருக்களித்துப் படுங்கள், சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள். மருத்துவர் அமிலத்தைக் குறைக்கும் பேண்டோப்ரசோல் எழுதினால் சாப்பிடுவதற்கு அரை மணி முன்பு போட வேண்டும். பலர் சாப்பிட்ட பிறகு போட்டுவிட்டு "கேக்கல" என்கிறார்கள்.

மாத்திரை ஒட்டிய புண். யாரும் யோசிக்காத காரணம், ஆனால் கேட்டால் உடனே பிடிபடும். நேற்றுவரை ஒன்றுமில்லை, இன்று எச்சில் விழுங்கினாலும் நெஞ்சுக்குள் கத்தி இறங்குகிறது. படுக்கப்போகும் முன் ஒரு மடக்குத் தண்ணீரில் மாத்திரை போட்டீர்களா? உண்ணிக் காய்ச்சலுக்கும் எலிக்காய்ச்சலுக்கும் முகப்பருவுக்கும் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின்தான் இதில் முதல் குற்றவாளி. இரும்புச்சத்து மாத்திரை, வலி மாத்திரை, எலும்புத் தேய்வுக்கு வாரம் ஒரு முறை போடும் அலெண்ட்ரோனேட் ஆகியவையும் செய்யும். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டி அந்த இடத்தைப் புண்ணாக்கிவிடுகிறது. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சில நாட்களில் ஆறிவிடும். இனி எந்த மாத்திரையும் ஒரு டம்ளர் தண்ணீரோடு, அரை மணி நேரம் படுக்காமல்.

மீன் முள். சோற்று உருண்டையை விழுங்கித் தள்ளப் பார்க்காதீர்கள், முள் இன்னும் ஆழமாகக் குத்தும். விழுங்கும்போது நெஞ்சுக்குள் வலித்தால் எண்டோஸ்கோப்பி வசதி உள்ள இடத்துக்குப் போங்கள்.

பித்தப்பைக் கல். பிரியாணி விருந்து முடிந்து ஒரு மணி நேரத்தில் நெஞ்சுக்குழியிலோ வலது விலாவுக்குக் கீழேயோ பிடித்து, வலது தோள்பட்டை எலும்புக்கு ஏறும். அரை மணி நேரத்துக்குக் குறையாது. வயிற்று ஸ்கேன் போதும். காய்ச்சலோ கண் மஞ்சளோ சேர்ந்தால் அன்றே சேர வேண்டும்.

தாமதிக்கக் கூடாத மூன்று. மது குடித்த பின் மேல்வயிற்றில் தொடங்கி முதுகைத் துளைத்து, குனிந்தால் சற்றுக் குறையும் வலி கணையமாக இருக்கலாம். வெகுநாள் வலி மாத்திரை சாப்பிட்டவருக்குத் திடீரென்று வயிறு பலகை போல இறுகினால் குடற்புண் ஓட்டையாகியிருக்கலாம். பலமாக வாந்தி எடுத்த உடனே நெஞ்சு பிளப்பது போல வலித்தால் உணவுக்குழாய் கிழிந்திருக்கலாம். மூன்றுக்கும் 108. வாயில் தண்ணீர்கூட ஊற்ற வேண்டாம்.

## ஒரு பக்கமாகப் பட்டை போல எரிந்து குத்துகிறது

முதுகிலிருந்து விலாவைச் சுற்றி மார்புவரை, ஒரு பக்கம் மட்டும். சட்டைத் துணி உரசினாலே சுடுகிறது. அக்கியை நினையுங்கள். கொப்புளம் வருவதற்கு ஒன்று முதல் ஐந்து நாள் முன்பே வலி வந்துவிடும். அந்த இடைவெளியில்தான் ஈசிஜி, எக்ஸ்ரே என்று எல்லாம் எடுத்து ஒன்றும் தெரியாமல் குழம்புவார்கள். தினமும் வெளிச்சத்தில் முதுகைப் பார்க்கச் சொல்லுங்கள். சிவந்த திட்டில் நீர்க்கொப்புளம் ஒன்று தெரிந்தாலும் அன்றே மருத்துவரிடம் போங்கள். கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் வைரஸ் மருந்து தொடங்கினால்தான் முழுப் பலன். காவி பூசி அக்கி எழுதும் வழக்கம் நம்மிடம் உண்டு. நம்பிக்கைக்கு எழுதிக்கொள்பவர்களிடம் நான் சண்டை போடுவதில்லை, ஆனால் மாத்திரையை முதலில் தொடங்கிவிட்டுப் போங்கள் என்பேன். கண்ணருகில் வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

## படபடப்பு, விரல் நுனி மரத்துப்போவது, செத்துவிடுவேன் என்ற பயம்

பதற்றத் தாக்குதல். பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், மெல்ல இறங்கும். வேகமாக மூச்சு வாங்குவதால் விரல்கள் மரத்து, மடங்கி இழுத்துக்கொள்ளும். உதட்டைச் சுற்றிக் குறுகுறுக்கும். நாலு எண்ணி மூக்கால் இழுத்து, ஆறு எண்ணி வாயால் விடச் சொல்லிப் பக்கத்தில் உட்காருங்கள். காகிதப் பையை முகத்தில் கவிழ்க்காதீர்கள். உண்மையில் நுரையீரல் கோளாறாக இருந்தால் ஆக்ஸிஜன் குறைந்துபோகும்.

முதல் முறை வரும்போது இதை வீட்டில் நீங்களே முடிவு செய்யக் கூடாது. ஈசிஜி எடுத்துவிட்டுத்தான் இந்தப் பெயர். அப்படிச் சொன்ன பிறகு "ஒண்ணுமில்ல, மனசுதான்" என்று அவரை வீட்டில் யாரும் கேலி செய்யாதீர்கள். அந்த வலி அவருக்கு நிஜமாகவே வலிக்கிறது. திரும்பத் திரும்ப வந்தால் மனநல மருத்துவர் தீர்க்கக்கூடிய கோளாறு இது. அரசின் மனநல உதவித் தொலைபேசி சேவையான டெலிமனஸ் எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம்.

## வரும்போது கையில் இருக்க வேண்டியவை

வலி தொடங்கிய நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், எது கூட்டுகிறது, எது குறைக்கிறது என்று நாலு வரி எழுதி எடுத்து வாருங்கள். வலியில் இருப்பவருக்கு எதுவும் நினைவுக்கு வராது. சாப்பிடும் மாத்திரை அட்டைகளை அப்படியே பையில் போடுங்கள். பழைய ஈசிஜி இருந்தால் கட்டாயம் வேண்டும். சிலருக்குப் பல வருடமாகவே ஈசிஜியில் ஒரு மாற்றம் இருக்கும், அது புதிதா பழையதா என்று ஒப்பிட அந்தத் தாளை விட்டால் வேறு வழியில்லை. சூட்டில் அச்சாகும் தாள் என்பதால் ஓரிரு வருடத்தில் கோடுகள் மங்கிவிடும்; எடுத்த அன்றே செல்போனில் தெளிவாகப் படம் பிடித்து, தேதி தெரியும்படி வீட்டில் இரண்டு பேரிடம் அனுப்பி வையுங்கள்.